நைட்டியும் டவுசரும் என் குரலும்

துப்பட்டாவுக்கு இந்த ஊர்த் தெலுங்கில் வழங்கும் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் விருதுநகரில் என் தம்பி வீட்டில் இந்தக் கட்டுரையை யாரும் சத்தமாக வாசிக்க முடியாது. திருப்பதிக்குக் குடிவந்த முதல் வாரம், துணிக்கடையில் விற்கிற பெண் ஒரு சுடிதாரை விரித்துப் போட்டுவிட்டு, மேட்சிங்காக அதுவும் வேண்டுமா என்று கடை முழுக்கக் கேட்கும்படி அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டாள். என் கணவர் சட்டென்று வெளியே போய்ச் செருப்புப் பக்கம் நின்றுகொண்டார். நான் முகம் சிவந்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டி, துப்பட்டா இல்லாமலே சுடிதாரை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் என்னைப் பெரிய நாகரிகக்காரி என்று நினைத்திருப்பாள். இப்போது ஏழு வருடம் ஆகிறது. அதே சொல்லை எந்தக் கூச்சமும் இல்லாமல் கடையில் சொல்லுகிறேன். ஊருக்கு வரும்போதுதான் நாக்கைக் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது.

அதே வாரத்தில், எங்கள் அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடியிலிருந்து ஒரு அம்மா படியிறங்கி வரும்போது என்னைப் பார்த்து, “மீரு அரவமா?” என்று கேட்டார். நான் பயந்துபோய்க் காலடியில் பார்த்தேன். பாம்பு எதுவும் இல்லை. தமிழர்களுக்கு இங்கே அரவம் என்று பெயர். அவர் சிரித்துக்கொண்டே தமிழுக்கு மாறினார். “சித்தூர்ல எங்க தெருவுல பாதி அரவம்தாம்மா. சின்ன வயசுல உங்க பாஷையிலதான் சண்டை போட்டோம்.” அவர்தான் சுஜாதம்மா. சித்தூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகள் ஹாரிகா பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அன்றிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும் சுஜாதம்மா தமிழில்தான் பேசுவார். கொஞ்சம் உடைந்த தமிழ். எனக்காகத் தேடி எடுத்த தமிழ் என்பதை நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை.

ஏனென்றால் எனக்குத் தேவகி இருந்தாள். மூன்றாவது மாடி. நகரியில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். திருப்பதியில் தெலுங்குக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய தமிழ் எனக்கு முதலில் சிரிப்பு மூட்டியது. “இன்னாக்கா, துன்னுட்டியா?” என்பாள். அப்பாவை நைனா என்பாள். அதே வாயால் அடுத்த நொடி காய்கறி வண்டிக்காரரிடம் தெலுங்கில் பேரம் பேசுவாள். எனக்குப் பஸ் ரூட், ஆதாரில் விலாசம் மாற்றும் இடம், பூ நல்லதாகக் கிடைக்கும் தெரு எல்லாம் அவள் காட்டியதுதான். ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தெரியும், தன் பாஷையில் அலுத்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்டால் பாதி ஊர் திரும்பக் கிடைத்த மாதிரி. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. காலை கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்த நேரம் முழுக்க நான் தேவகிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டே போவேன். பஸ்ஸில் சுற்றிலும் தெலுங்குப் பெண்கள். யாருக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியம். மாமியார், புருஷன், பிள்ளைகள், அதைவிட அதிகமாக உடுப்பு.

உடுப்பைப் பற்றி எனக்கு அப்படி என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் எங்கள் எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி, கண் மட்டும் தெரியும் முகமூடி. யார் உள்ளே சேலை, யார் ஜீன்ஸ் என்று எட்டு மணி நேரம் யாருக்கும் தெரியாது. மாலையில் கோட்டைக் கழற்றி மாட்டிய பிறகுதான் ஒருத்தி நல்லவளும் ஒருத்தி ஒருமாதிரியானவளும் ஆகிறோம். தினமும் இதைப் பார்க்கிறவள் நான். ஆனாலும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் வாய் பேசியது விருதுநகரில் நான் கேட்டு வளர்ந்ததைத்தான்.

அதையும் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தபோது எங்கள் தெருவில் சுடிதார் என்பது பெரிய பேச்சு. வகுப்பில் குற்றாலம் டூர் போட்டார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவே துணி எடுத்து, தையல்காரரிடம் கொடுத்து, எனக்கு ஒரு மெரூன் கலர் சுடிதார் தைத்து வாங்கினாள். “பஸ்ஸுல ஏறின பெறகு மாத்திக்க தாயி” என்று பையில் வைத்துக் கொடுத்ததும் அவள்தான். நான் மாற்றிக்கொண்டேன். மறுநாள் திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பெரியப்பா பார்த்துவிட்டார். வீட்டில் அப்பா கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கென்ன தெரியும். அவளாத் தச்சுக்கிட்டா போல.” அப்பா அடிக்கவில்லை. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். அந்தச் சுடிதாரைக் கத்தரித்து அடுப்படியில் கரித்துணியாகப் போட்டது அம்மா. அப்பா போன பிறகு இப்போது அதே அம்மா நாள் முழுக்க நைட்டியில் இருக்கிறாள், தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு. போஸ்ட்மேனுக்கும் அப்படியே கதவு திறக்கிறாள். “இதுல என்னடி இருக்கு, காத்தோட்டமா இருக்கு” என்கிறாள்.

ஹாரிகா முழங்காலுக்கு மேல் நிற்கும் டவுசர் போட்டுக்கொண்டு நாயை நடைக்குக் கூட்டிப்போவாள். பார்சல் வாங்கக் கேட்டுக்கு இறங்குவாள். ஒருநாள் காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளைப் பார்த்தேன். பஸ் ஏறியதும் தேவகிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். அதில் என்ன சொன்னேன் என்பது அப்புறம் எனக்கு மறந்தே போனது.

அதற்கு மூன்று மாதம் கழித்து எனக்கு டெங்கு வந்தது. கணவர் ஹைதராபாத்தில் பயிற்சிக்குப் போயிருந்தார். மகள் யாழினி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். இங்கே எல்லோரும் அவளை யாலினி என்பார்கள். நான் குளியலறையில் விழுந்ததும் அவள் ஓடிப்போய்த் தட்டியது இரண்டாவது மாடிக் கதவை. ஹாரிகா அப்படியே வந்தாள், அதே டவுசரில். உடை மாற்றுகிற நேரத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. என்னைத் தாங்கிப் படியிறக்கி, அவள் அப்பா ஓட்டிய பழைய காரில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். அங்கே வரிசையில் இருந்தவர்களெல்லாம் அவள் காலைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. என் ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்காக நான்கு மணி நேரம் அந்தக் கண்களுக்கு நடுவில் நின்றாள். “மீ அம்மாயா?” என்று நர்ஸ் என்னிடம் கேட்டார். உங்கள் பெண்ணா என்று. நான் ஆமாம் என்று தலையசைத்தேன். ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் சுஜாதம்மா கஞ்சி கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு அவள் டவுசரில் எதிரே வந்தாலும் அது என் கண்ணில் படுவதே இல்லை. தேவகியிடமும் அவளைப் பற்றி நல்லதாகத்தான் பேசினேன்.

போன வருடம் அபார்ட்மெண்ட் குரூப்பில் சங்கத் தலைவர் ஒரு செய்தி போட்டார். தரிசனத்துக்கு வரும் உறவினர்கள் தங்கிப்போகும் கட்டடம் இது. லேடீஸ் நைட்டியோடு கேட் வரைக்கும் வருவதைத் தவிர்த்தால் நல்லது என்று. யாரைச் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் காய்கறி வண்டிக்கு நைட்டியில் இறங்குவதில் முதல் ஆள் தேவகி. தலைவரின் மனைவிக்கும் அவளுக்கும் ஏற்கெனவே ஆகாது. அன்று அவள் வீட்டில் பெரிய சண்டை. அவள் மாமியார், ஊர் முழுக்க மானம் போயிற்று என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். தேவகி என்னிடம் வந்து அழுதாள். “நான் என்னா அம்மணமாவா போனேன்? தலயிலருந்து காலு வரிக்கும் மூடிக்கினுதானக்கா போறேன்.” நான் அவள் பக்கம் நின்றேன். மீட்டிங்கில் நீ பேசு, நானும் பேசுகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு மீட்டிங். தலைவரின் மனைவி முதலில் பேசினார். நைட்டி என்றால் நைட்டுக்கு. பதினோரு மணி வெயிலில் அதற்கு என்ன வேலை என்றார். தரைத்தளத்தில் கைக்குழந்தையோடு இருக்கிற பெண், மணிக்கொரு தரம் பால் கொடுக்கிறவளுக்கு ஜிப் வைத்த நைட்டியைத் தவிர வேறு எது வசதி, நீங்கள் சொல்லுங்கள் என்று அமைதியாகக் கேட்டாள். ஓய்வுபெற்ற ஒருவர், சேலையில் இருக்கும் அழகு எதில் வரும் என்று தொடங்கினார். அந்தச் சேலையைத் தோய்த்து இஸ்திரி போடுவது யார் என்று அவர் மனைவியே கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஹாரிகா எழுந்தாள். நைட்டி போடுகிறவர்கள் போடட்டும், அவர்கள் சௌகரியம்; இங்கே மூன்று அங்கிள்கள் மேல்சட்டை இல்லாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் கழுவுகிறார்களே, அவர்களுக்கு ஏன் ஒரு மெசேஜும் வரவில்லை என்றாள். அவள் தேவகிக்காகப் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்துத் தேவகி எழுந்து நன்றி சொல்வாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

தேவகி எழுந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. தெலுங்கில் பேசினாள். நைட்டியை விடுங்கள், அது உடம்பை மூடுகிறது. மூடாததைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்றாள். வயதுக்கு வந்த பிள்ளைகள் இருக்கும் கட்டடத்தில் தொடை தெரிய டவுசர் போட்டுக்கொண்டு திரிவதைப் பற்றி எத்தனையோ பேருக்கு மனக்குறை இருக்கிறது, பயந்துகொண்டு சொல்லுவதில்லை என்றாள். யார் அப்படிச் சொன்னது என்று ஹாரிகா கேட்டாள். தேவகி போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி உயர்த்திப் பிடித்தாள்.

என் குரல். பின்னால் பஸ் இரைச்சல். “ஏ தேவகி, அந்த ரெண்டாவது மாடிப் பிள்ள இன்னைக்கும் டவுசரோட நாயக் கூட்டிட்டுப் போகுது பாத்தியா? அவுக அம்மா டீச்சரா இருந்தவுகன்னு சொல்றாக. ஊரான் பிள்ளைக்கெல்லாம் பாடம் சொல்லிக் குடுத்து என்ன பண்ண? தகப்பன் இல்லாத வீடு. கேக்க ஆளில்ல, அதான்.” அந்த இடத்தில் தேவகி நிறுத்திவிட்டாள்.

யாரும் மொழிபெயர்க்கக் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். சென்னைக்கு வைத்தியத்துக்குப் போனவர்கள், வேலூரில் பெண் கொடுத்தவர்கள், சித்தூர்க்காரர்கள். ஆறு வருடமாக நான் லிஃப்டிலும் மாடிப்படியிலும் போனில் பேசிய அத்தனையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள். ஹாரிகா தன் அம்மாவைப் பார்த்தாள். சுஜாதம்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, தரையில் வண்டி நிறுத்தப் போட்டிருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, மகளோடு மேலே போய்விட்டார். நான் வாயைத் திறந்தேன். தமிழும் வரவில்லை, தெலுங்கும் வரவில்லை. என் பக்கத்தில் யாழினி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள். “என்னையப் பத்தியும் தேவகி ஆன்ட்டிகிட்டப் பேசியிருக்கியாம்மா?” அவள் துப்பட்டா போடாததைப் பற்றி, அவளுடைய இறுக்கமான பேன்ட்டைப் பற்றி எத்தனை காலைகளில் அந்த பஸ்ஸில் பேசியிருப்பேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மாடிப்படியில் தேவகியைப் பிடித்தேன். எதற்காக இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நான் அழுதேன். அவள் அழவில்லை.

“நீ சொன்னத்தத்தானக்கா போட்டேன். நானா இட்டுக்கட்டினேன்?”

“அது ஒரு வருசத்துக்கு முந்தி பேசினது. அதுவும் பாதியில நிறுத்திட்ட. ஏன் எடுத்து வச்சிருந்த?”

“எட்த்து வெக்கல. அது பாட்டுக்கு கெடந்திச்சி.” சுவரில் சாய்ந்துகொண்டாள். “உனுக்குப் புரியாதுக்கா. ஒரு வாரமா எங்க ஊட்ல யாரும் எங்கிட்ட பேசல. அரவ ஊட்டுப் பொண்ணு, ஒழுக்கம் தெரியாதுன்னு மாமியாரு எங்க நைனாவுக்கே போன் போட்டுச்சி. அல்லாரும் என்னியே பாத்துக்கினு இருந்தாங்கோ. வேற பக்கம் பாக்கட்டும்னு தோணிச்சி. நீ இன்னும் ரெண்டு வருசத்துல வேற ஊருக்கு மாத்தல் வாங்கிக்கினு போய்டுவ. நான் எங்க போறது?”

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. இன்றுவரை அதை என்னால் மறுக்க முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. என் நம்பிக்கையை அவள் விற்றாள் என்று மட்டும் எழுதினால் கட்டுரை எனக்குச் சாதகமாக முடிந்துவிடும். ஆனால் அவள் போட்டது என் குரல். அடுப்பைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தெரியாது என்று சொன்ன அம்மாவை இருபத்தைந்து வருடம் மனதுக்குள் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தவள் நான். அம்மாவாவது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாள். நான் ஒரு காலைப் பயணத்தில் பொழுது போகாமல் சொன்னேன்.

அந்த மெசேஜின் மிச்சம் என் போனில் இருந்தது. தேடி எடுத்துக் கேட்டேன். தேவகி நிறுத்திய இடத்துக்கு அப்புறம் நான் சிரிக்கிறேன். பிறகு சொல்கிறேன்: “ஆனா ஒண்ணு சொல்லட்டா, சிரிக்காத. அந்தப் பிள்ள யாரு பாக்குறான்னு திரும்பிக்கூடப் பாக்காம நடக்குது. எனக்கு அந்த வயசுல ஒரே ஒரு நா அப்பிடி நடக்கக் கெடச்சிருந்தா...” அதற்கு மேல் பஸ் ஹாரன். இதைக் கேட்டால் சுஜாதம்மாவுக்குப் புரியும் என்று நினைத்தேன். அன்று மாலை, வேலையிலிருந்து திரும்பி நேராக இரண்டாவது மாடிக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் சுஜாதம்மா. “ரண்டி, கூர்ச்சோண்டி” என்றார். வாருங்கள், உட்காருங்கள் என்று. ஆறு வருடத்தில் என்னிடம் அவர் அப்படிப் பேசியதில்லை. வா, உட்காரு, சாப்பிட்டியா என்றுதான் பேசுவார். நான் தமிழில் மன்னிப்புக் கேட்டேன். முழுதாகக் கேளுங்கள் அம்மா, அவள் பாதியில் நிறுத்திவிட்டாள் என்று போனை எடுத்தேன். அவர் கையை நீட்டி என் போனின் மேல் வைத்து மூடினார்.

“மிகதாதி வத்தம்மா” என்றார். மிச்சம் வேண்டாம். பிறகு எனக்குப் புரியவேண்டும் என்று நிதானமாக, ஆனால் தெலுங்கிலேயே சொன்னார். முதல் பாதியும் உங்கள் குரல்தானே. இரண்டாவது பாதி நன்றாக இருந்தால் முதல் பாதி இல்லாமல் போய்விடுமா. இவள் அப்பா போனபோது இவளுக்குப் பன்னிரண்டு வயது, கேட்க ஆள் இல்லை என்பதை இந்த ஊரில் பல பேர் என்னிடம் நேராகவே சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிவிட்டேன். உங்களிடம் அப்படி எதையும் எதிர்பார்க்காததால் பதில் தயாராக இல்லை. இவ்வளவுதான். உள்ளே ஹாரிகா யாருடனோ வேலை விஷயமாக ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அவள் வெளியே வரவில்லை. சுஜாதம்மா காபி கொடுத்தார். நான் குடித்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். நைட்டியும் வேண்டாம், டவுசரும் வேண்டாம் என்று ஒரு காகிதத்தை லிஃப்டில் ஒட்டினார்கள். இரண்டு மாதத்தில் அதன் மேல் தண்ணீர் வராத அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள். தேவகி மறுபடி நைட்டியில் காய்கறி வாங்குகிறாள். என்னைப் பார்த்தால், “இன்னாக்கா” என்று தொடங்கி நிறுத்திக்கொள்கிறாள். ஹாரிகா வாரத்தில் பாதி நாள் பெங்களூரில் இருக்கிறாள். யாழினிதான் அவளோடு போனில் பேசுகிறாள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. சுஜாதம்மா எதிரில் வந்தால், “பாகுன்னாரா?” என்று மரியாதையாக நலம் விசாரிக்கிறார். நானும் தெலுங்கில் பதில் சொல்கிறேன். என் தெலுங்கு இப்போது மிகவும் நன்றாக வந்துவிட்டது என்று கணவர் பாராட்டுகிறார். அது யார் தயவில் வந்தது என்று அவருக்குத் தெரியாது.

கம்பெனி பஸ்ஸில் இப்போது யாருக்கும் மெசேஜ் அனுப்புவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறேன். போன வாரம் ஒரு புதுப் பெண் ஏறினாள். இருபது வயது இருக்கும். கழுத்தில் புது அடையாள அட்டை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் தடுமாறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கி, “அக்கா, நீங்க தமிழா?” என்று கேட்டாள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. “காதம்மா” என்றேன். இல்லையம்மா.

அவள் சங்கடத்தோடு சிரித்துவிட்டுத் தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். சீட்டு கிடைத்துவிட்டது என்றாள். ஹாஸ்டலில் இட்லி கல் மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: “பக்கத்துல ஒரு அம்மா இருக்காங்கம்மா. பாக்குறதுக்கு அப்படியே நம்ம சித்தி மாதிரி இருக்காங்க. ஆனா தெலுங்கு.” அம்மா ஏதோ கேட்டிருக்க வேண்டும். “ம், ம்” என்றவளின் குரல் உடைந்தது. அவள் அழுவது எனக்குத் தெரியக்கூடாது என்று எனக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, பயமாக இருக்கிறது, ஊருக்கு வந்துவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு, ஒன்றும் புரியாதவளைப் போல, நான் ஸ்ரீசிட்டி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.